51 அங்குலச் சிறுமி சொன்ன உண்மை

1908ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், விட்னல் என்ற ஊரில் உள்ள பஞ்சாலை. நூல் நூற்கும் இயந்திரத்தின் அருகே ஒரு சிறுமி நிற்கிறாள்.

அவளைப் படம் எடுத்தவர் கூடவே சில குறிப்புகளையும் எழுதி வைத்தார். உயரம் 51 அங்குலம். ஆலைக்கு வந்து ஓர் ஆண்டு ஆகிறது. சில நாள்களில் இரவு வேலையும் உண்டு. ஒரு நாள் கூலி 48 சென்ட். வயது என்ன என்று கேட்டபோது முதலில் தயங்கினாள். நினைவில்லை என்றாள். பிறகு, வேலைக்கு வரும் வயது தனக்கு இன்னும் ஆகவில்லை என்றும் இருந்தாலும் வேலை செய்வதாகவும் இரகசியம்போல் சொன்னாள். அங்கு வேலை செய்த 50 பேரில் 10 பேர் ஏறக்குறைய அவள் உயரமே இருந்த பிள்ளைகள்.

மாணவர்களே, அந்தக் கால அமெரிக்காவைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்களை நாம் இணையத்தில் அடிக்கடி பார்க்கிறோம். குதிரை வண்டிகள், தொப்பி அணிந்த ஆண்கள், நீளப் பாவாடை அணிந்த பெண்கள். 'எவ்வளவு அழகான காலம்!' என்று நண்பர்களுக்கும் அனுப்புகிறோம். ஆனால், 1900ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் 10 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளில் 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவர்களின் அன்றாட வாழ்க்கையை நாம் இன்று காண முடிகிறது என்றால், அதற்கு முக்கியக் காரணம் ஓர் ஆசிரியர்.

வேலையை விட்ட ஆசிரியர்

அவர் பெயர் லூயிஸ் ஹைன். 1874இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, தொழிற்சாலையில் நீண்ட நேரம் உழைத்தவர். பின்னர் படித்து முன்னேறி, நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர் ஆனார். மாணவர்களுக்குக் கற்பிக்க உதவும் என்றுதான் கேமராவைக் கையில் எடுத்தார். எல்லிஸ் தீவில் வந்து இறங்கிய குடியேறிகளை 1904 முதல் படம் எடுத்தார்.

1908இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு அவரை முழு நேரப் புகைப்படக்காரராக அமர்த்தியது. நிலையான ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, ஆலைகளையும் சுரங்கங்களையும் தேடி நாடு முழுவதும் பயணம் செய்தார்.

முதலாளிகள் அவரை உள்ளே விடுவார்களா? தீயணைப்புப் பரிசோதகர், அஞ்சலட்டை விற்பவர், பைபிள் விற்பவர், இயந்திரங்களைப் படம் எடுப்பவர் என்று சமயத்துக்கு ஏற்றபடி சொல்லிக்கொண்டு நுழைந்தார். பிள்ளைகளின் உயரத்தை அளப்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். தம் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பது அவருக்குத் தெரியும். பிள்ளை அருகில் வந்து நின்றால் போதும், அளவு கிடைத்துவிடும்.

படம் மட்டும் போதாது

1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் நகரில் அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. அங்கே சிறுவர்கள் வரிசையாகக் குனிந்து அமர்ந்து, கீழே ஓடும் நிலக்கரியிலிருந்து கற்களைக் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். முகமெல்லாம் கரித்தூள். சில வேளைகளில் எதிரே இருப்பது தெரியாத அளவுக்குத் தூசி அடர்ந்திருக்கும் என்றும், அது பிள்ளைகளின் நுரையீரல் வரை போகிறது என்றும் ஹைன் குறிப்பு எழுதினார்.

இந்தக் குறிப்புகள் ஏன் முக்கியம்? படத்தை மட்டும் காட்டினால், 'பையன் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தான்' என்று யாரும் எளிதாக மறுத்துவிடலாம். ஊர், நாள், உயரம், கூலி, வேலை நேரம் எல்லாம் எழுதப்பட்டிருந்தால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. புகைப்படம் பொய் சொல்லாது என்று பலரும் நம்பிய காலத்திலேயே, பொய்யர்களும் புகைப்படம் எடுக்கலாம் என்று 1909இல் எச்சரித்தவர் ஹைன். அதனால்தான் தம் ஒவ்வொரு படத்துக்கும் அவர் சான்று சேர்த்தார்.

முப்பது ஆண்டுப் போராட்டம்

படங்கள் நாளேடுகளிலும் கண்காட்சிகளிலும் இடம்பெற்றன. மக்கள் அதிர்ந்தனர். 1916இல் குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்தும் முதல் கூட்டரசுச் சட்டம் பிறந்தது. ஆனால் 1918இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இரண்டாவது சட்டத்துக்கும் 1922இல் அதே கதி. 1938இல் வந்த நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம்தான் நிலைத்தது. ஹைன் முதல் ஆலைக்குள் நுழைந்து அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பின்னாளில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது, அதைக் கட்டிய தொழிலாளர்களை உயரத்தில் நின்று படம் எடுத்தவரும் இவரே. ஆனால் கடைசிக் காலத்தில் வாய்ப்புகள் குறைந்தன. சொந்த வீட்டையும் இழந்து, 1940இல் வறுமையில் இறந்தார்.

அவர் அந்தக் குழுவுக்காக எடுத்த 5,000க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அதன் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது படத்தோடு நிறுத்திவிடாமல், கீழே உள்ள குறிப்பையும் படியுங்கள்.

நம் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றில் இருப்பவர் யார், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார் என்று நாம் எழுதி வைப்பதில்லை. இந்த வார இறுதியில், உங்களுக்கு முக்கியமான ஒரு படத்தை எடுத்து நான்கு வரி எழுதிப் பாருங்கள். விட்னல் ஆலைச் சிறுமி அன்று எப்படி வாழ்ந்தாள் என்பது நமக்குத் தெரிவதும் அப்படி எழுதப்பட்ட சில வரிகளால்தான்.