பல்கிளை உரிம ஒப்பந்தம்

பல்கிளை உரிம ஒப்பந்தம் என்பது, ஒரு வணிகப்பெயரின் உரிமையாளர், குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்குள் பல கடைகளைத் திறக்கும் உரிமையையும் கடமையையும் ஒருவருக்கே அளிக்கும் ஒப்பந்தம் ஆகும். பிரான்சைஸ் எனப்படும் வணிக உரிம முறையின் ஒரு வகை இது. இதில் உரிமம் பெற்றவரே எல்லாக் கடைகளையும் நடத்த வேண்டும். அவர் பிறருக்கு உள்ளுரிமம் வழங்கவும் இடமளித்தால் அது முதன்மை உரிம ஒப்பந்தம் எனப்படும்.

திறப்பு அட்டவணை

எந்தெந்தக் கடை எப்போது திறக்கப்பட வேண்டும் என்று கூறும் அட்டவணையே இவ்வொப்பந்தத்தின் உயிர்நாடி. எடுத்துக்காட்டாக, ஒரு தேநீர்க்கடை நிறுவனம் நீலகிரி மாவட்டத்துக்கான உரிமையை ஒருவருக்குத் தருவதாகக் கொள்வோம். முதலாண்டில் உதகமண்டலம், இரண்டாமாண்டில் குன்னூர், மூன்றாமாண்டில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கேத்தி என்பது அட்டவணை. அதன்படி நடக்கும் வரை அம்மாவட்டத்தில் வேறெவருக்கும் உரிமம் தரப்படாது. இத்தனியுரிமைக்காக அவர் முன்கூட்டியே ஒரு கட்டணம் செலுத்துவார். அது பெரும்பாலும் திருப்பித் தரப்படுவதில்லை.

கேத்தி மற்ற இரண்டையும்விடச் சிறிய ஊர். அங்கு வணிகம் நடக்குமா என்று தயங்கி அவர் மூன்றாவது கடையைத் திறக்காவிட்டால், முதல் இரண்டு கடைகள் நன்றாக நடந்தாலும் தனியுரிமையை இழக்கக்கூடும். வழக்கமாக ஒவ்வொரு கடைக்கும் தனி உரிம ஒப்பந்தம் இருப்பதால் அவ்விரு கடைகளும் தொடரலாம். ஆனால், ஓர் ஒப்பந்தத்தை மீறினால் எல்லா ஒப்பந்தங்களையும் மீறியதாகக் கொள்ளும் விதி சேர்க்கப்பட்டிருந்தால் அவையும் பறிபோகும். கையெழுத்திடுவோர் கூர்ந்து படிக்க வேண்டிய விதி இதுவே.

இந்தியாவில்

பல கடைகளின் உரிமை ஒரே கையில் இருப்பதன் இடரை மெக்டொனால்ட்ஸ் வழக்கு காட்டியது. அந்நிறுவனம் இந்தியாவை இரண்டாகப் பிரித்து, மேற்கையும் தெற்கையும் ஹார்ட்கேசில் நிறுவனத்திடமும், வடக்கையும் கிழக்கையும் கன்னாட் பிளாசா நிறுவனத்திடமும் ஒப்படைத்தது. பின்னது விக்ரம் பக்சியுடன் சம பங்கில் அமைந்த கூட்டு நிறுவனம். எனவே இது முழுமையான பல்கிளை உரிமம் அன்று, அதன் நெருங்கிய உறவு எனலாம். 2013 ஆம் ஆண்டில் பக்சி மேலாண் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2017 சூனில், உணவக உரிமங்கள் புதுப்பிக்கப்படாததால் தில்லியின் 55 கடைகளில் 43 மூடப்பட்டன. அதே ஆண்டு ஆகத்தில் 169 கடைகளின் உரிம ஒப்பந்தங்களை மெக்டொனால்ட்ஸ் ஒரே அறிவிப்பில் முறித்தது. ஆயினும் வழக்குகளுக்கிடையே பல கடைகள் தொடர்ந்து இயங்கின. 2019 மே மாதத்தில் பக்சியின் பங்கை வாங்கி அந்நிறுவனம் பிணக்கை முடித்துக்கொண்டது.

சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில், கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் உரிமையாளர் தம் நிதிநிலை, வழக்குகள் முதலியவற்றை விளக்கும் ஆவணத்தைத் தர வேண்டும். இந்தியாவில் வணிக உரிமத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1999 ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் ஆகியவற்றின் கீழேயே இவை வருகின்றன. ஆகவே இங்கு அத்தகைய விவரங்களை உரிமம் பெறுபவரே கேட்டுப் பெற வேண்டியுள்ளது.