சாடைப் பேச்சுக்கு யார் பொறுப்பு?

பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது, 1914இல், ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தமிழில் 'பொன் வால் நரி' என்று அறியப்படும் அந்த நூல், மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு விலங்குக் கதை. ஆனால் அதன் குறி அன்னி பெசன்ட் மீதும் அடையாற்றுப் பிரம்மஞான சபை மீதும் இருந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தியை வரப்போகும் உலக குரு என்று முன்னிறுத்தி 1911இல் தொடங்கிய இயக்கமும், அவர் யார் பொறுப்பில் வளர வேண்டும் என்று சென்னையில் நடந்த வழக்கும் படித்தவர்கள் நடுவே சூடாகப் பேசப்பட்டு வந்த காலம் அது. நரி என்று எழுதினாலே போதும், மிச்சத்தை வாசகர் தாமே நிரப்பிக்கொள்வார். பொடி வைத்துப் பேசுவதன் சூட்சுமமே இதுதான். பாதிப் பொருள் சொல்லில் இருக்கும். மறுபாதி, கேட்பவருக்கு முன்பே தெரிந்த சங்கதியில் இருக்கும்.

ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சிலும் எழுத்திலும் இதற்குக் குறைவில்லை. மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் காட்டிய உதாரணம் பெயர்பெற்றது. தத்துவம் கற்பிக்கும் வேலைக்கு மனுப்போட்ட மாணவரைப் பற்றி ஆசிரியர் கடிதம் எழுதுகிறார்: ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வந்தார். அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, திட்டும் இல்லை; ஆனாலும் வேலை கிடைக்காது. கேட்டால், "நான் குறையாக ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஆசிரியர் நழுவிவிடலாம். இந்த நழுவலை நாம் ஏற்கக் கூடாது என்பதே என் கட்சி. சட்டமும் ஏற்பதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், அவதூறு பற்றிய 499ஆம் பிரிவில் தந்த உதாரணங்களில் இரண்டு இங்கே பொருந்தும். "அவர் நேர்மையானவர், கைக்கடிகாரத்தை அவர் திருடவே இல்லை" என்று, திருடியதாகப் பிறர் நம்பட்டும் என்ற நோக்கத்தோடு ஒருவர் சொல்வது முதலாவது. யார் திருடியது என்று கேட்கும்போது வாயே திறக்காமல் ஒருவரைக் கைகாட்டுவது இரண்டாவது. விதிவிலக்குகளுக்குள் வராவிட்டால் இரண்டுமே அவதூறுதான். இங்கிலாந்தில் சிரில் டாலி என்ற கோல்ஃப் வீரரின் சட்டைப்பையில் சாக்லேட் இருப்பதாக வரைந்து ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. அவர் பணம் வாங்காமல் ஆடுபவர். விளம்பரத்துக்குக் காசு வாங்கிவிட்டார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள் என அவர் வழக்காடினார். அந்தப் படத்துக்கு அப்படி ஓர் அவதூறான பொருள் உண்டு என்பதைப் பிரபுக்கள் சபை 1931இல் ஒப்புக்கொண்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சாடைப் பேச்சுக்கும் பொறுப்பேற்க வேண்டுமென்றால், வாயைத் திறந்தாலே சிறை என்ற நிலையில் இருப்பவர் என்ன செய்வார்? 1897இல் திலகர் தண்டிக்கப்பட்டதற்குக் காரணமான எழுத்துகள் சிவாஜியைப் பற்றியவை. அவற்றில் வெள்ளை அரசு தன்னைக் கண்டுகொண்டது. பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை புதுச்சேரியிலிருந்து வெளிவந்தும், ஆங்கிலேய இந்தியாவுக்குள் நுழையத் தடை வந்ததால் 1910இல் நின்றுபோனது. 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் வந்தது. சபையில் இழுத்து வரப்பட்ட பாஞ்சாலியை அடிமைப்பட்ட பாரதமாகப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பாரதியார் தாம் நினைத்ததற்குப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. அதே கருத்தை வெளிப்படையாக எழுதிவிட்டுத்தான் பிரெஞ்சு மண்ணில் பத்து ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். தண்டிக்கும் கை ஓங்கியிருக்கும்போது மறைத்துச் சொல்வது கேடயம். திருப்பிப் பேச வழியில்லாதவர் மேல் அதை வீசினால் அதுவே கத்தி.

அப்படியானால் நரிக் கதை எந்தப் பக்கம்? பெசன்டைப் பெயர் சொல்லியே விமர்சிக்கலாம், அதற்காக யாரும் பாரதியாரைச் சிறையில் தள்ளியிருக்க மாட்டார்கள். அந்த அளவில் அங்கே மறைப்பு தேவைப்படவில்லை. அது இலக்கிய நையாண்டி. ஆனாலும் நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். பெசன்ட் கையில் சபை இருந்தது, அதே 1914இல் தொடங்கிய நாளிதழும் இருந்தது. பதில் சொல்ல அவருக்கு மேடை இருந்தது. தெருமுனையில், "அந்தப் பொண்ணு ராத்திரி ரொம்ப லேட்டாதான் வீட்டுக்கு வருது, பாவம், என்ன வேலையோ" என்று இழுத்து நிறுத்தும்போது, பேசப்படும் பெண்ணிடம் பத்திரிகையும் இல்லை, மேடையும் இல்லை. பக்கத்தில் நிற்பவர், "என்ன சொல்ல வர்றீங்க? நேரா சொல்லுங்க" என்று கேட்டாக வேண்டும்.