வீடியோ டெக்கின் கறுப்புக் கல்

பழைய வீடியோ டெக்கைக் கழற்றிய கரவெட்டி வாசகர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார்: உருளையின் விளிம்பில் கடுகிலும் சிறிய கறுப்புக் கல் ஒன்று இருக்கிறதே, இவ்வளவு காலம் நாடா உரசியும் தேயாமல் கிடக்கிறதே, அது என்ன?

அதுதான் நாடாவைப் படிக்கும் தலை; அந்தக் கல்லின் பெயர் பெரைற்று. இரும்பு, மங்கனீசு, நாகம் மூன்றின் ஒட்சைட்டுத் தூளையும் கலந்து சுட்டது. 1930இல் தோக்கியோவில் கற்றோ, தக்கேய் என்ற இருவர் பெரைற்றைக் கண்டறிந்தார்கள். அதை விற்பனைக்குக் கொண்டுவரவே 1935இல் ரீ.டீ.கே. தொடங்கியது. எங்கள் அலுமாரிகளில் கிடக்கும் கசெற்றுகளின் அதே ரீ.டீ.கே.தான்.

பாட்டுக் கசெற்றில் நாடா செக்கனுக்கு 4.76 சதமமீற்றர்தான் நகரும்; உலோகத் தலையே அதற்குப் போதும். வீடியோவில் உருளை செக்கனுக்கு 25 தரம் சுழல்கிறது. தலை நாடாவை உரசும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 4.8 மீற்றர். வீடியோச் சமிக்ஞையின் உயர்ந்த அதிர்வெண்ணில் உலோகத்துக்குள் சுழிமின்னோட்டம் எழுந்து சமிக்ஞையைத் தின்றுவிடும். பெரைற்று மின்னை லேசில் கடத்தாது.

ஆனால் வெறுமனே சூளையில் சுட்ட பெரைற்று குழல் பிட்டுப் போல, உள்ளெல்லாம் துளை. அதனால் ஆயிரம் பாகைக்கு மேல் சூட்டில் இருக்கும்போதே அழுத்தினார்கள். துளைகள் அடைபடும், பெரைற்றின் நுண்மணிகளும் பெருக்காது.

இத்தனை பாடும் ஓர் இடுக்குக்காக. தலை என்பது இரண்டு துண்டுப் பெரைற்று, நடுவே உருக்கி ஒட்டிய கண்ணாடி. அந்த இடுக்கு ஒரு மைக்கிரோனுக்கும் குறைவு. காந்தப்புலம் நாடாவைத் தொடுவது அதன் வழியாகத்தான். விளிம்பில் ஒரு துளை இருந்தால் மணி உதிரும், இடுக்கு அகலும், படம் மங்கும்.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்துக்காக இன்னும் வருந்துகிறோம். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட நாங்கள்தான், அப்பம்மாவின் குரலையும் திருவிழாத் தவிலையும் அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்க விட்டிருக்கிறோம். அவற்றைக் கணினிக்கு மாற்ற இன்னும் ஓடக்கூடிய ஒரு டெக் வேண்டும். அதையோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுகிறோம்!

டெக்கை வைத்திருப்பவர்களுக்கு: பூஞ்சணம் பிடித்த கசெற்றை அப்படியே போடாதீர்கள், தலையில் ஒட்டி அடுத்ததுக்கும் தொற்றும். பெரைற்று லேசில் தேயாது, ஆனால் நொறுங்கும். பிளேட்டால் சுரண்டுவதைக் கண்டிருக்கிறேன், வயிறு எரியும். பஞ்சும் வேண்டாம், நார் சிக்கும். ஸ்பிரிட் தோய்த்த மெல்லிய தோலை உருளையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலுங்கீழுமாகத் தேய்த்தால் முனை முறிந்துவிடும்.