கணவாயின் இரு கரையில் குரங்கும் குருவியும்

பாலக்காடு நகரின் கல்பாத்தியில் நின்று பார்த்தால் வடக்கேயும் தெற்கேயும் மலை. நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான சமவெளி. லாரிக்கும் ரயிலுக்கும் கிழக்குக் காற்றுக்கும் பாலக்காட்டுக் கணவாய் வாசல். மலைக்காட்டை விட்டு இறங்காத உயிர்களுக்கோ அது மதில்.

சோலைக்கிளியைப் பாருங்கள். சிட்டுக்குருவி அளவே இருக்கும் இந்தப் பாடும் பறவை, உயர்மலைச் சோலையின் புதர் நிழலில், தரையோரமாகப் பூச்சி பொறுக்கும். நீலகிரிப் பக்கம் அதன் வயிறு செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி மலைகளில் வெள்ளை. இன்று இவை இரு தனி இனங்கள். பறவை ஆய்வாளர் வி.வி. ராபின் குழுவினர் 2017-ல் இவற்றுக்கு ஷோலிகோலா என்ற புதுப் பேரினத்தையே வகுத்தார்கள்.

சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு வாழ்வது மர உச்சியில். வெடிபலாவின் முள்காயைக் கிழித்து விதையைத் தின்னும். கணவாயின் இருபுறக் குரங்குகளும் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதாக 2015-ல் வெளிவந்த மரபணு ஆய்வு சொல்கிறது. ஆனாலும் இனம் ஒன்றுதான். வளர்ந்தவை உலகிலேயே சுமார் 2,500தான் இருக்கும் என்பது மதிப்பீடு.

இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் போட்ட பிரிவினையை, நாம் தேயிலைக்காகவும் சீகை மரத்துக்காகவும் ஒன்றிரண்டு நூற்றாண்டில் நூறு இடங்களில் போட்டுவிட்டோம். அதன் விளைவு பாட்டிலேயே கேட்கிறது. அண்மைக் காலத்தில் காடழிந்து துண்டுபட்ட சோலைகளிலும் சோலைக்கிளிகளின் பாட்டு இடத்துக்கு இடம் மாறியிருப்பதை 2016-ல் சேதனா புருஷோத்தமும் ராபினும் பதிவு செய்தார்கள்.

குரங்குக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது: அதற்காகக் குரல் கொடுக்க ஆள் இருந்தார்கள். பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையை மறித்து அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரியும் போராடியபோது, சிங்கவால் குரங்கே அந்தப் போராட்டத்தின் முகமானது. திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. சோலைக்கிளிக்காக அப்படியொரு ஊர்வலம் போனதில்லை.

தீர்வும் இரண்டுக்கும் ஒன்றல்ல. வால்பாறை புதுத்தோட்டத்தில் தார்ச்சாலையைக் கடக்கும் மந்திகள் வண்டியில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை. புதருக்குள் வாழும் குருவிக்கு அது உதவாது. அதற்கு வேண்டியது எஞ்சிய சோலைத் துண்டுகளில் கால்நடையும் விறகுவெட்டும் புகாத அடர்ந்த கீழ்த்தளம். துண்டுகளுக்கு நடுவே சோலை மரங்களையே நட்டு வளர்த்த இணைப்பு.