ஒரே அட்சக்கோடு, இருவேறு காலநிலை

நிலவரைபடத்தில் சேலத்தின்மீது விரலை வைத்துக் கிழக்கே நேராக நகர்த்தினால், வங்கக் கடலைக் கடந்து அந்தமானின் தலைநகரைத் தொடலாம். போர்ட் பிளேயர் என வழங்கிய அந்நகர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சத்தில் உள்ளன. கதிரவனின் ஒளி இரண்டின்மீதும் ஒரே சாய்வில் விழுகிறது. எனினும், சேலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, அந்நகரில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? காலநிலையை அட்சத்துடன் கடலின் அண்மை, காற்றின் திசை, மலைகளின் அமைப்பு ஆகியனவும் வகுக்கின்றன. நீர், நிலத்தைவிட மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். ஆதலால், கடல் சூழ்ந்த தீவில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை; உள்நாட்டு நகரான சேலத்திலோ கோடை கடுமையாகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுப்பதால், சேலத்தில் மழை குறைகிறது. அந்தமானையோ அக்காற்று, கேரளத்தை அடையும் முன்பே, மே மாதத்தில் தடையின்றி வந்தடைகிறது. வடகிழக்குப் பருவக்காற்றும் அங்கு மழை தருகிறது.

இத்துணை மழை பெய்தும், சனவரி முதல் ஏப்ரல் வரை அந்தமானில் வறண்ட காலமே. சரிவான குன்றுகளில் விழும் நீர், குறுகிய ஓடைகள் வழியே விரைந்து கடலில் கலக்கிறது. தலைநகர் மக்கள் தானிகாரி அணையின் நீரையே பெரிதும் நம்பியுள்ளனர். பருவமழை தாமதமானால் குடிநீர்த் தட்டுப்பாடு நேரும். ஆகவே, கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேமித்தல் தீவு மக்களுக்கு இன்றியமையாததாகும்.