ஷெர்ப்பா மக்களின் விருந்தோம்பல்

நேப்பாளத்திற்குக் கல்விச் சுற்றுலா சென்று திரும்பும் மாணவர் எழுதும் கட்டுரைகளில், அம்மலைநாட்டு மக்கள் அன்புடையோர் என்னும் ஒரு வரி தவறாமல் இடம்பெறும். உண்மையே. எனினும் அவ்வன்பு எவ்வாறு வளர்ந்தது, அதற்கு அம்மக்கள் கொடுக்கும் விலை யாது என்று ஆராய்வோர் சிலரே.

எவரெஸ்ட்டுச் சிகரத்தின் தெற்கே ஷெர்ப்பா மக்கள் வாழும் பகுதி கும்பு எனப்படும். 2,860 மீட்டர் உயரத்தில் உள்ள லுக்லா விமானத் திடலில் இறங்கி இரண்டு நாள் நடந்தால் நாம்ச்சே ஊரை அடையலாம். அதற்கும் மேலே, 3,790 மீட்டர் உயரத்தில் இருப்பது கும்ஜுங் சிற்றூர். லுக்லாவுக்கு அப்பால் வண்டிப் பாதை கிடையாது.

முற்காலத்தில் ஷெர்ப்பா வணிகர், 5,700 மீட்டருக்கும் மேற்பட்ட நங்பா கணவாயைக் கடந்து திபெத்து சென்று, தானியம் கொடுத்து உப்பும் கம்பளியும் பெற்று வந்தனர். வழியில் விடுதி ஏது? பனிக்காற்று வீசும் இரவில் ஒரு வீட்டுக் கதவு திறவாவிடின் உயிர் தங்காது. இன்று இடம் கொடுப்பவன் நாளை அதே வழியில் இடம் கேட்பவன். ஆகவே வருவோரை ஏற்பது அங்கு வெறும் நற்குணமாக நில்லாமல் வாழ்க்கை முறையாகவே ஊன்றிவிட்டது.

அவர்தம் பழைய வீடுகளின் கீழ்த்தளம் கால்நடைக்கும் தீவனத்துக்கும் உரியது. மேல்தளம் ஒரே நீண்ட அறை. சிறப்புடைய விருந்தினருக்கு அடுப்பை அடுத்த இருக்கையே தரப்படும். குளிர்நாட்டில் அதனினும் உயர்ந்த இடம் வேறில்லை. வீட்டுத் தலைவி, "ஷெய், ஷெய்" என்று வற்புறுத்தி, வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீர் ஊற்றுவாள். முதலில் மறுப்பது விருந்தினரின் பண்பு. விடாது ஊற்றுவது அவள் பண்பு. கிண்ணம் வறிதாக விடுவதில்லை.

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஷெர்ப்பாக்களின் பழைய விருந்தினரோ பெரும்பாலும் முன்பின் அறிந்தவர்களே. 1959-க்குப் பின் திபெத்து வாணிகம் நலிந்தது. 1961-இல் ஊரார் விருப்பப்படி ஹில்லாரி கும்ஜுங்கில் பள்ளி அமைத்தார். 1964-இல் லுக்லா திடல் உருவாயிற்று. அதன்பின் முற்றிலும் புதியவர்களே திரளாக வரலாயினர். வீடுகள் பல விடுதிகள் ஆயின.

பணம் வாங்கினாலும் பழைய முகமலர்ச்சி மாறவில்லை, இடர்ப்பாடும் அங்கேதான். மாணவன் ஒருவன் குளிக்க ஒரு வாளி வெந்நீர் கேட்டால், இல்லையென்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. அவ்வுயரத்தில் மரங்கள் மிக மெல்ல வளர்வன. 1976-இல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆனபின் மரம் வெட்டவும் கட்டுப்பாடு உண்டு. அடுப்பில் எரிவது காய்ந்த சாண வரட்டியாகவோ, கீழிருந்து சுமந்து வந்த எரிபொருளாகவோ இருக்கும்.

மேலே ஏற ஏற உணவின் விலையும் ஏறுவது கண்டு சிலர் பேரம் பேசுவர். மேலூரில் ஒரு தட்டுச் சோற்றுக்குக் கேட்கும் விலையில் அரிசியின் விலை சிறிது. பல நாள் அதை முதுகில் சுமந்து ஏறியவனின் கூலியும் அதிலேயே அடங்கும்.