யாருக்குச் சொன்ன பேச்சு?
நச்சு வெளியேற்றமும் அதை அறிவிக்கும் சட்டங்களும்

1

ஓர் ஆலை தன் புகைபோக்கி வழியாகவும் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் எதை, எவ்வளவு வெளியே விடுகிறது என்பது ஒரு தகவல். அந்தத் தகவல் படிவத்தில் எழுதப்பட்டதும் அது ஒரு பிரதி ஆகிவிடுகிறது. பிரதி என்று வந்துவிட்டால் தமிழ் படித்தவர்களுக்கு அதனிடம் கேட்கப் பழைய கேள்வி ஒன்று உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று என்பதோடு நிற்பதில்லை. கேட்போர், களன், காலம், பயன் என்று தொடர்கிறது. சொல்கிறவர் இருந்தால் மட்டும் போதாது. கேட்கிறவர் யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன பயனுக்காக என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு பேச்சு முழுமையாகிறது.

நச்சு வெளியேற்றம் பற்றிய நம் சட்டங்களை இந்த வரிசையில் வைத்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. சட்டம் வழக்கறிஞர்களின் சமாச்சாரம், நமக்கென்ன என்று இலக்கியக்காரர்கள் ஒதுங்கிப்போவது வழக்கம். ஆனால் யாரைப் பேசவைப்பது, யாரைக் கேட்கவைப்பது, யாரைக் காதில்லாதவராக ஆக்குவது என்பதைத் தீர்மானிக்கிற சொல்லாடல்களில் சட்டத்துக்கு இணையானது வேறில்லை.

இந்தக் கேள்வியை எழுப்பும் ஊர் உப்பூர். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகும் கடற்கரைச் சாலையில், பெயரிலேயே உப்பை வைத்துக்கொண்டிருக்கும் ஊர். இங்கே 800 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட நிலக்கரி அனல் மின் நிலையம் கட்டத் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் முனைந்தது. 2016இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மோர்ப்பண்ணை முதலான கரையோர ஊர்களின் மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். 2021 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. பிறகு திட்டத்தை உடன்குடிக்கு மாற்றுவதென்று முடிவானது.

இதை வெற்றி என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பூர்க்காரர்கள் பேசியதும் வழக்காடியதும் ஆலை ஓடுவதற்கு முன்னால். அந்தக் கட்டத்தில் சட்டம் மக்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது: கருத்துக்கேட்புக் கூட்டம். 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தையாவது மாநில மொழியில் தந்தாக வேண்டும். சரி, ஆலை வந்து, புகை கிளம்பி, பத்து வருஷம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் எத்தனை கிலோ பாதரசம் காற்றில் போனது என்று கரையில் வலை சரிசெய்துகொண்டிருப்பவருக்கு யார் சொல்வார்கள்? எந்தச் சட்டப்படி?

2

இந்தக் கேள்விக்கு ஒரு பிறந்த நாள் இருக்கிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, போபால். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைத் தின்றுகொண்டிருப்பது என்ன என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடு, காற்றடிக்கும் திசையில் ஓடாதே என்ற இரண்டு வாக்கியங்கள் சுற்றியிருந்த குடிசைகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சியிருக்கும். விஷவாயு கொன்றது, வாயுவைப் பற்றிய மௌனமும் கூடச் சேர்ந்து கொன்றது.

1985 ஆகஸ்டில் அதே கம்பெனியின் ஆலை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் கசிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போபாலுக்கு அதிர்ந்ததைவிட அமெரிக்கா இதற்கு அதிர்ந்தது என்றால் அது மிகையல்ல. 1986 அக்டோபரில் அவசரகாலத் திட்டமிடலுக்கும் சமூகத்தின் அறியும் உரிமைக்குமான சட்டம் அங்கே வந்தது. அதன் 313ஆம் பிரிவு நச்சு வெளியேற்றப் பட்டியல் ஒன்றை உண்டாக்கியது. 300க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் ஒவ்வொன்றையும் காற்றில், நீரில், நிலத்தில் எவ்வளவு விட்டாய் என்று ஆலை ஆண்டுதோறும் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் கணினி வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கேட்போர் யார் என்பதைச் சட்டமே பெயர் சொல்லிக் குறித்துவிட்டது.

முதல் கணக்கு 1987ஆம் ஆண்டுக்கானது. அது வெளிவருமுன்பே 1988இல் மான்சாண்டோவின் தலைவர், தங்கள் நச்சுக்காற்று வெளியேற்றத்தை 1992க்குள் 90 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார். குறைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அந்தச் சட்டமும் சொல்லத்தான் சொல்கிறது, குறைக்கச் சொல்வதில்லை. ஊருக்கு நடுவே ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்லவேண்டி வந்ததே போதுமானதாக இருந்தது.

இதைக் கேட்டு அமெரிக்காவைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. அந்தக் கணக்கு ஆலைக்காரர்களே எழுதிக்கொடுப்பது. பல இடங்களில் அளந்ததல்ல, மதிப்பிட்டது. நிலக்கரி மின் நிலையங்களை 1998ஆம் கணக்காண்டு வரை பட்டியலில் சேர்க்கவேயில்லை. ஆனால் சேர்த்ததும் அவை பட்டியலின் முன்வரிசைக்குப் போயின. எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதிலும் அரசியல் இருக்கிறது, உப்பூருக்கு இது நெருங்கிய பாடம்.

3

போபால் நம் நாட்டில் நடந்தது. அதன் பிறகு நம் நாட்டிலும் சட்டங்கள் வந்தன, நிறையவே வந்தன. ஒவ்வொன்றிலும் கேட்போர் யார் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

1986இன் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 9ஆம் பிரிவு: விபத்தால் அளவுக்கு மீறி மாசு வெளியேறினால், பொறுப்பானவர் உடனே குறிப்பிட்ட அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்போர்: அதிகாரி.

1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 41பி பிரிவு: ஆபத்தான தொழில் நடத்துபவர் அதன் ஆபத்துகளைத் தொழிலாளருக்கும், தலைமை ஆய்வாளருக்கும், உள்ளாட்சிக்கும், அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது. 1989இன் அபாயகர ரசாயன விதிகளில் 15ஆம் விதி, பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்குச் செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் சொல்லச் சொல்கிறது. இங்கே மக்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் சொல்லப்படுவது எது? வரக்கூடிய ஆபத்து. தினமும் போய்க்கொண்டிருக்கும் வெளியேற்றம் அல்ல. வெடித்தால் சொல்வேன், கசிந்துகொண்டேயிருந்தால் சொல்லமாட்டேன் என்பதே இதன் உட்பொருள். மெதுவாகக் கொல்வதற்குச் சட்டத்தின் இலக்கணத்தில் முன்னிலை கிடையாது.

அந்தத் தினசரிக் கணக்கு எங்கேதான் இருக்கிறது? இருக்கிறது, படிவம் 5 என்ற காகிதத்தில். சுற்றுச்சூழல் விதிகளின் 14ஆம் விதியாக 1992 மார்ச்சில் வந்தது. மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு, செப்டம்பர் 30க்குள், எவ்வளவு நீர், எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு மாசு, எவ்வளவு அபாயகரக் கழிவு என்று ஆலை எழுதித் தர வேண்டும். வந்தபோது அதன் பெயர் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கை. அடுத்த ஆண்டே, 1993இல், ‘தணிக்கை’ கழன்று விழுந்து வெறும் சுற்றுச்சூழல் அறிக்கை ஆனது. தணிக்கை என்றால் இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும். அறிக்கை என்றால் நானே சொல்லிக்கொள்ளலாம். ஒரு சொல் போனதில் ஒரு வாசகரும் போய்விட்டார்.

இந்தப் படிவத்தின் கேட்போர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்களுக்கு, அதைக் கம்பெனியின் இணையதளத்திலும் போட வேண்டுமென்று அனுமதிக் கடிதங்களிலேயே நிபந்தனை எழுதுகிறார்கள். மறைத்துவைத்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்னான் என்றும் சொல்ல முடியாது.

உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபர் 14 அன்று, அபாயகரக் கழிவு வழக்கில், இந்த இடைவெளியைத் தொட்டது. என்ன ரசாயனம் கையாள்கிறாய், காற்றிலும் நீரிலும் என்ன விடுகிறாய், என்ன கழிவு சேர்கிறது என்பதை ஆலையின் பிரதான வாசலுக்கு வெளியே எழுதிவைக்கச் சொன்னது. கூற்றுக்கு முதல்முறையாகத் தெருவே களன் ஆனது. ஆனால் வாசல் பலகையில் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது இன்றைய செறிவும் அனுமதித்த அளவும்தான். மொத்தம் எத்தனை கிலோ, போன ஆண்டைவிடக் கூடவா குறையவா என்பது பலகையில் நிற்பதில்லை.

2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்தது, பெரிய விஷயம். ஆனால் அது ஏற்கனவே அரசிடம் இருக்கிற காகிதத்தைத்தான் தரும்; இல்லாத கணக்கை உண்டாக்கித் தராது. வணிக ரகசியம் என்ற விலக்கும் அதில் இருக்கிறது, பொதுநலன் பெரிதென்று நிரூபித்துத் தாண்ட வேண்டும். இதற்கிடையில் 2023இன் ஜன் விஸ்வாஸ் திருத்தத்தால், சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்பது போய், 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாகிவிட்டது. பெரிய கம்பெனிக்கு மௌனத்தின் விலை இவ்வளவுதான்.

4

கேட்போர் இல்லாத பேச்சு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணங்கள் கிடக்கின்றன.

கொடைக்கானல், 2001 மார்ச். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, 7 டன்னுக்கும் மேல், ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்களும் செயல்பாட்டாளர்களும் கண்டுபிடித்தார்கள். ஆலை அங்கே 1980களின் நடுவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. படிவம் 5 அப்போதும் சட்டத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னது படிவமல்ல, இரும்புக் கடை.

தூத்துக்குடி, 2013 மார்ச் 23 காலை. ஜனங்களுக்குத் தொண்டை கமறி, கண் எரிந்தது. ஸ்டெர்லைட் புகைபோக்கியின் கந்தக டை ஆக்சைடு கருவி சென்னையில் இருக்கும் வாரியத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி எண் போய்ச் சேர்ந்தது. இருமிக்கொண்டிருந்த ஊருக்கு வரவில்லை. மார்ச் 29 அன்று வாரியம் ஆலையை மூடச் சொன்னது. பிறகு அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதே வழக்கானது. கசிவுக்கு அது சாட்சியல்ல என்றது கம்பெனி. அதே ஆண்டில் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்க அனுமதித்தது. எண் தானாகப் பேசாது, அதை வாசிக்கும் அதிகாரம் யாரிடம் என்பதுதான் கேள்வி.

எண்ணூர் பெரியகுப்பம், 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிய நேரம். கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் அம்மோனியாக் குழாயில் கசிவு. மூக்குதான் முதலில் அறிவித்தது. ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கவேண்டிய காற்றில் 2,090, லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கவேண்டிய கடல்நீரில் 49 என்று வாரியம் பிற்பாடு சொன்னது. கூற்று சரி, காலம் தப்பு.

கடலூர் சிப்காட்டில் 2004இல் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஊர்க்காரர்கள் என்றைக்கு, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, என்ன நாற்றம் என்று குறித்துவைக்கப் பழகினார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் அகப்பட்டன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்குபவை. கேட்போர் என்ற இடம் மறுக்கப்பட்டவர்கள் கூற்றுக்கே உரியவர்களாக மாறிய தருணம் இது. விளிம்பில் இருப்பவருக்கு அறிவு கிடையாது, அனுபவம் மட்டும்தான் உண்டு என்கிற நிபுணத்துவ மமதை அந்த வாளிக்குள் உடைந்தது.

5

உப்பூர்க் கடற்கரைக்குத் திரும்புவோம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஜனம் இந்தக் கரையில் இருக்கிறது. புகை எந்த மாதம் எந்தக் குப்பத்தின் மேல் இறங்கும் என்பதை நிபுணர்கள் வரைபடமாகப் போடுவதற்கு முன்பே இவர்களால் சொல்ல முடியும். இவர்களிடம் இல்லாதது காற்றைப் பற்றிய அறிவல்ல, காற்றில் என்ன கலந்தது, எத்தனை கிலோ என்கிற ஒற்றை விவரம். அது கிடைத்தால் இவர்களின் அறிவும் அந்த எண்ணும் சேர்ந்து ஒரு முழு வாக்கியமாகும்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய சட்டத்துக்கு ஐந்து உறுப்புகள் போதும். கூற்று: ஒவ்வொரு ரசாயனத்தின் பெயரும், ஆண்டின் மொத்த எடையும். கேட்போர்: வாரியத்தோடு கூட, சுற்றியுள்ள ஊராட்சிகள். களன்: ஆலை வாசல் மட்டுமல்ல, மீன் ஏலம் போடும் இடம், ஊராட்சி அலுவலகம், மொழி தமிழ். காலம்: ஆண்டுக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை, கசிவு என்றால் அந்த நிமிஷமே. பயன்: பொய்க் கணக்குக்கும் மௌனத்துக்கும் அபராதம் தாண்டிய பதில்.

அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுமில்லை. படிவம் 5க்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. காந்தி பிறந்த நாளுக்குத் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுவது அக்டோபர் 2. நடுவில் இரண்டே நாள். ஆலை இருக்கிற ஊராட்சி, தகவல் உரிமைச் சட்டத்தில் போன ஆண்டுப் படிவத்தின் நகலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு பக்கமாக எழுதி, அன்றைக்குச் சபையில் வாசிக்கலாம். இந்த ஆண்டுப் படிவத்தைக் கேட்டுத் தீர்மானம் போடலாம். உடன்குடிப் பக்கத்து ஊர்களுக்கு இது வெறும் யோசனையல்ல, அவசரத் தேவை. ஆங்கிலப் படிவத்தைத் தமிழ்ப் பேச்சாக மாற்றித் தருவது எழுதத் தெரிந்தவர்களின் வேலை. அந்த வேலைக்குத்தான் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களைக் கூப்பிடுகிறேன்.